யார் என்று கேட்கும் முன் வயதைக் கேளுங்கள்: ஆலாக்களையும் கடற்காகங்களையும் பிரித்தறிவது

கேள்வி இதுதான். மணல்திட்டில் நூறு இருநூறு வெளிர்நிறப் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. கையில் பைனாகுலரும் கையேடும் இருந்தும் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. அலகைப் பார்த்தால் ஒரு பெயர் வருகிறது, காலைப் பார்த்தால் வேறு பெயர் வருகிறது. ஆலாக்களையும் (ஆங்கிலத்தில் tern) கடற்காகங்களையும் (gull) களத்தில் எப்படித்தான் பிரித்தறிவது? கூடவே ஒரு பறவையின் குறிப்பும் இருந்தது: கறுப்பு அலகு, கறுப்புக் கால், வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் தீற்று. பழுப்புத்தலைக் கடற்காகத்தைவிடச் சற்றுச் சிறியது. சேற்றுக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருந்தது, ஒருமுறைகூடத் தண்ணீரில் பாயவில்லை. அது என்ன?

அந்தப் பறவைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். நிறத்தில் தொடங்குகிறீர்கள், அங்கேதான் கோளாறு. மரங்கொத்தியையும் மீன்கொத்தியையும் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துப் பழகிய கண், கடற்கரைக்கு வந்ததும் அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. ஆனால் இந்தப் பறவைகளின் அலகும் காலும் தலைத்தொப்பியும் வருடம் முழுக்க ஒரே நிறத்தில் இருப்பதில்லை. சிற்றாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு. அந்தக் காலம் முடிந்ததும் அலகு முழுக்கக் கறுத்துவிடும். சாதாரண ஆலாவுக்குக் கோடையில் ஆரஞ்சு கலந்த சிவப்பு அலகு, குளிர்காலத்தில் கறுப்பு. அதிலும் கிழக்கு ஆசியாவில் இனம்பெருக்கும் சாதாரண ஆலாக்களுக்குக் கூடு கட்டும் காலத்திலேயே அலகு கறுப்புதான். ‘கறுப்பு அலகு, அதனால் இது சாதாரண ஆலா இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அதனால் நான் பின்பற்றும் வரிசை வேறு. முதலில் உருவமும் அசைவும். அடுத்து வயதும் பருவமும். அதற்கப்புறம்தான் அலகு நிறம், கால் நிறம், இறக்கைப் புள்ளி எல்லாம். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அழகான சிவப்பு அலகு ஒன்று கண்ணில் பட்டதும் இந்த வரிசை மறந்துபோகும். கையைக் கட்டிக்கொண்டாவது கையேட்டைத் திறக்காமல் இருங்கள்.

கடற்காகமா ஆலாவா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. கடற்காகம் (சிலர் கடற்புறா என்பார்கள்) அகன்ற இறக்கையும் கனத்த உடம்பும் கொண்டது. மணலில் நன்றாக நடக்கும், தண்ணீரில் வாத்து போல மிதக்கும், கிடைத்ததைத் தின்னும். ஆலா ஒல்லி. இறக்கை குறுகிக் கூராக முடியும், கால் குட்டை, நடை தத்தித் தத்தி. பறக்கும்போது அலகைக் கீழே சாய்த்துத் தண்ணீரைத் தேடிக்கொண்டே போகும், தண்ணீரில் உட்காருவது அபூர்வம். இரண்டு நாள் பார்த்தாலே இந்த வேறுபாடு கைவந்துவிடும்.

உருவம் என்று நான் சொல்வது மூக்கும் முழியும் மட்டுமில்லை. தெருமுனையில் வரும் ஆளை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துக் கண்டுபிடிக்கிறோமே, அந்தச் சாயல். பருத்த அலகு ஆலா ஆலாக் கூட்டத்தில் இருந்தாலும் கடற்காகம் போல நிதானமாக, அகலமாக இறக்கை அடித்துப் பறக்கும். ரோஜா ஆலா விறைப்பாகவும் வேகமாகவும் அடிக்கும். சிற்றாலா படபடவென்று அடித்து, நின்ற இடத்தில் நின்று, கல் விழுந்த மாதிரி தண்ணீரில் விழும். மீசை ஆலா பாயவே பாயாது என்று சொல்லலாம். மேற்பரப்பை அலகால் தொட்டு எடுத்துவிட்டு மேலேறும். இப்படி வேட்டையாடும் முறையைக் கவனித்தாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

அளவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெறும் கடலுக்கு மேல் தனியாகப் பறக்கும் பறவையின் அளவைக் கண் சரியாகச் சொல்லாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று இருந்தால் மட்டுமே ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. தொலைநோக்கியிலோ நீண்ட லென்ஸிலோ பார்க்கும்போது, ஒரே அளவுள்ள இரண்டு பறவைகளில் பின்னால் இருப்பது பெரிதாகத் தெரியும். லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடுகிறது, ஆனால் நம் மூளை ‘தொலைவில் இருப்பது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதென்றால் அது பெரிய பறவைதான்’ என்று கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால் இரண்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒப்பிடுவதே நல்லது.

அடுத்தது வயது. இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். சிறிய கடற்காகங்கள் முதிர்ந்த தோற்றம் பெற இரண்டு வருடம் ஆகும். நடுத்தரமானவற்றுக்கு மூன்று, பெரியவற்றுக்கு நான்கு. அந்த நான்கு வருடமும் ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் ஆடை, அதாவது இறகுத் தோற்றம், மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இனத்தின் முதல் வருடப் பறவையும் நான்காம் வருடப் பறவையும் பக்கத்தில் நின்றால், தெரியாதவர் இரண்டு இனம் என்றே சொல்வார். அதனால் ‘இது எந்தக் கடற்காகம்’ என்று கேட்பதற்கு முன் ‘இதற்கு வயது என்ன’ என்று கேட்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகில் மீன்செதில் போல வெளிர் விளிம்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது அந்த வருடம் பிறந்த குஞ்சு. வால் நுனியில் கறுப்புப் பட்டை, இறக்கை மேல் பழுப்புக் கறைகள் என்றால் இன்னும் முதிராத பறவை. முதுகு ஒரே சாம்பலாகவும் வால் தூய வெள்ளையாகவும் இருந்தால் முதிர்ந்த கடற்காகம். ஆலாக்களில் மணிக்கட்டுப் பகுதியில், அதாவது மடிந்த இறக்கையின் முன்விளிம்பில், கருமையான ஒரு பட்டை தெரியும். சாதாரண ஆலாவில் இது இளம்பறவைகளிடமும் குளிர்கால ஆடையிலும் நன்றாகத் தெரியும்.

வயதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில், வெள்ளை நெற்றியும் கறுப்பு அலகும் கொண்ட ஓர் ஆலாவைப் புதிய இனம் என்று எண்ணி ‘ஸ்டெர்னா போர்ட்லாண்டிக்கா’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் பார்த்தால் அது முதிராத ஆர்க்டிக் ஆலா. இன்றைக்கும் ஒரு வயது ஆலாக்களின் அந்த ஆடைக்குப் ‘போர்ட்லாண்டிக்கா ஆடை’ என்றே பெயர். கையில் தோலும் இறகும் வைத்துக்கொண்டு பார்த்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள், 200 மீட்டர் தள்ளிப் பார்க்கும் நாம் ஏமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயதோடு சேர்ந்து வருவது இறகின் தேய்மானம். இறகு உயிருள்ள பொருள் இல்லை. முளைத்து முடிந்தபின் வெயிலும் உப்பும் மணலும் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கறுப்பு நிறமி இருக்கும் பகுதி உறுதியானது, வெள்ளைப் பகுதி சீக்கிரம் தேயும். கடற்காகங்களின் இறக்கை முனை கறுப்பாக இருப்பதன் பயனும் அதுதான். அதே காரணத்தால், அந்தக் கறுப்பு முனையின் ஓரத்தில் இருக்கும் சிறு வெள்ளைப் பொட்டுகள் கோடை முடிவதற்குள் உதிர்ந்துபோகும். கையேட்டுப் படத்தில் இருக்கும் பொட்டு உங்கள் பறவையில் இல்லையென்றால் உடனே வேறு இனத்துக்குத் தாவாதீர்கள்.

ஆலாக்களில் இது இன்னும் சுவாரசியம். ஆலாவின் முதன்மை இறகுகள், அதாவது இறக்கை முனையில் இருக்கும் நீண்ட இறகுகள், புதிதாக முளைக்கும்போது வெள்ளிப்பூச்சு பூசினாற்போல் இருக்கும். அந்தப் பூச்சு தேயத் தேய அடியில் இருக்கும் கருமை வெளியே வரும். எனவே ஆலாவில் கருத்த இறகு என்றால் பழைய இறகு. சாதாரண ஆலாவையும் ஆர்க்டிக் ஆலாவையும் பிரிக்கும் புகழ்பெற்ற அடையாளமே இதிலிருந்துதான் பிறக்கிறது. சாதாரண ஆலா உள்பக்க முதன்மை இறகுகளை வெளிப்பக்கத்தைவிட அடிக்கடி மாற்றும். அதனால் கோடையில் உள்ளே புதிய வெளிர் இறகும் வெளியே பழைய கருத்த இறகும் பக்கம் பக்கமாக இருக்கும். இறக்கையின் மேற்புறத்தில், நடுவில் ஒரு கருத்த ஆப்பு அடித்தது போலத் தெரியும். ஆர்க்டிக் ஆலா தென்துருவக் கடலில் இருக்கும்போது எல்லா முதன்மை இறகுகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். அதனால் அதன் இறக்கை முழுக்க ஒரே சீரான வெளிர்சாம்பல், ஆப்பு கிடையாது.

இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் அடையாளத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதும் புரிந்துவிடும். இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது சாதாரண ஆலாவின் ஆப்பு மெல்லியதாக இருக்கலாம், போகப்போகக் கறுக்கும். மேற்கொண்டு உறுதி செய்ய, பறவை தலைக்கு மேல் வரும்போது வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஆர்க்டிக் ஆலாவின் முதன்மை இறகுகள் எல்லாமே ஒளியை ஊடுருவ விடும், பின்விளிம்பில் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. சாதாரண ஆலாவில் உள்பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே ஒளிரும், பின்விளிம்பின் கறுப்பு அகலமாகவும் கலங்கலாகவும் இருக்கும். உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள். ஆர்க்டிக் ஆலாவின் கால் மிகக் குட்டை, வயிறு தரையை உரசுவது போல நிற்கும். வால் கம்பிகள் (வாலின் ஓரங்களில் கம்பி போல நீளும் இறகுகள்) மடித்த இறக்கை முனையைத் தாண்டி நீளும். சாதாரண ஆலாவில் அவை தாண்டாது. அலகின் நுனிக் கறுப்பை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். வருடத்துக்குச் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் பறவை இந்த ஆர்க்டிக் ஆலா. கிரீன்லாந்தில் கூடு கட்டும் ஆலாக்களின் காலில் சிறு கருவி பொருத்திக் கண்டறிந்து, 2010இல் வெளியிட்டார்கள்.

ரோஜா ஆலாவைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பு மற்ற இரண்டையும்விட வெளுப்பு, வால் கம்பிகள் மிக நீளம், முழு வெள்ளை. இறக்கையின் அடிப்புறப் பின்விளிம்பில் கறுப்புக் கோடு கிடையாது. நெஞ்சில் ரோஜா நிறம் தெரிந்தால் மகிழ்ச்சி, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது, அது வெளிச்சம் செய்யும் வித்தையாகவும் இருக்கலாம்.

சரி, கடற்காகங்களுக்கு வருவோம். பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும்தான் ஆரம்பக்காரர்களை அதிகம் படுத்துபவை. பெயரே குழப்பம். கருந்தலைக் கடற்காகத்தின் தலை கறுப்பு இல்லை, காப்பிக்கொட்டைப் பழுப்பு. பழுப்புத்தலைக் கடற்காகத்தின் தலை அதைவிட வெளிர்ந்த பழுப்பு, ஓரத்தில் மட்டும் கருமை கூடியிருக்கும். இன்னொன்று, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இரண்டுக்கும் இந்தத் தலை நிறமே போய்விடும். காதருகே ஒரு கருமைப் பொட்டு மட்டும் மிஞ்சும். பழுப்புத்தலை திபெத், லடாக் போன்ற மத்திய ஆசிய மேட்டுநிலங்களின் ஏரிகளில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்குக் கடற்கரைக்கு வரும் பறவை. எனவே வெப்பமண்டலக் கரைகளில் நாம் அதை அதிகம் பார்ப்பது தலை வெளுத்த நிலையில்தான். தலையை மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது இறக்கை முனை. முதிர்ந்த பழுப்புத்தலைக்கு முனை நல்ல கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் இரண்டு வெள்ளைப் பொட்டுகள், இருட்டில் சன்னல் திறந்தது போல. கருந்தலைக்கு இதற்கு நேர்மாறு: இறக்கையின் முன்விளிம்பு முழுக்க ஒரு வெள்ளை வாள் வீசினாற்போல நீண்டிருக்கும், பின்னோரத்தில் மட்டும் மெல்லிய கறுப்பு. பறந்து போனால் அரை நொடியில் சொல்லிவிடலாம். உட்கார்ந்திருந்தால் கண்ணைப் பாருங்கள். முதிர்ந்த பழுப்புத்தலையின் கருவிழிப்படலம் வெளிர்மஞ்சள், முறைத்துப் பார்ப்பது போலிருக்கும். கருந்தலையின் கண் கருமையாகச் சாந்தமாக இருக்கும். ஆனால் இங்கேயும் வயதுக் கேள்வி குறுக்கே வருகிறது. பழுப்புத்தலையின் குஞ்சுக்குக் கண் கருமைதான், இறக்கை முனையில் வெள்ளைப் பொட்டும் கிடையாது, ஒரே கறுப்பு. கருந்தலையின் குஞ்சுக்கு அந்த வெள்ளை வாள், பழுப்புக் கறைகளுக்கு நடுவேயும், தெரியத்தான் செய்யும். ஆக இளம்பறவை என்றால் கண்ணை விட்டுவிட்டு இறக்கைக்குப் போங்கள்.

இவற்றோடு மெல்லலகுக் கடற்காகம் என்று ஒன்று கலந்திருக்கும். இறக்கை முனை கருந்தலையுடையது போலவே இருக்கும், கண் பழுப்புத்தலையுடையது போல வெளிர்ந்திருக்கும். இரண்டையும் கலந்து செய்த மாதிரி. இதற்குத் தலைத்தொப்பி எந்தப் பருவத்திலும் வராது. நெற்றி அலகை நோக்கி நீளமாகச் சரியும், கழுத்தை நீட்டினால் அன்னம் போல நீளும். ஒருமுறை அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு கூட்டத்தில் தானாகவே கண்ணில் படும்.

பெரிய கருந்தலைக் கடற்காகம் உருவத்திலேயே ராட்சசன். முதிர்ந்த பறவையின் மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டையும் செந்நிற நுனியும் இருக்கும், கால் மஞ்சள். இனப்பெருக்க ஆடையில் தலை உண்மையாகவே கறுப்பு. குளிரில் கண்ணைச் சுற்றி அழுக்கான முகமூடி போல மட்டும் மிஞ்சும், கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை தெரியும். இது நான்கு வருடப் பறவை, எனவே இளம்பறவைகளின் தோற்றம் பலவிதம். நீண்டு சரிந்த நெற்றியும் கனத்த அலகும் எல்லா வயதிலும் காட்டிக்கொடுக்கும்.

முதுகு கருஞ்சாம்பலாகவும் தலை வெள்ளையாகவும் இருக்கும் மற்ற பெரிய கடற்காகங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நிபுணர்களே சண்டை போடும் இடம் அது. இந்தக் கூட்டத்தைத்தான் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1942இல் வளைய இனத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதினார். வடதுருவத்தைச் சுற்றி ஒவ்வொரு கூட்டமும் பக்கத்துக் கூட்டத்தோடு கலந்துகொண்டே போய், வளையத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும் இரண்டு தனி இனங்களாக நிற்கின்றன என்பது கருத்து. பாடப்புத்தகங்களில் பல பத்தாண்டுகள் ஓடிய எடுத்துக்காட்டு. 2004இல் வெளியான மரபணு ஆய்வு, வளையம் அப்படி அமையவில்லை என்று காட்டியது. எந்தக் கூட்டம் தனி இனம், எது துணையினம் என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் இன்னும் வேறுபாடு உண்டு. எனவே முதுகின் சாம்பல் எவ்வளவு கருமை, கால் எந்த நிறம், தலையில் கோடுகள் உண்டா, எந்த முதன்மை இறகு உதிர்ந்திருக்கிறது என்று குறித்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இடத்தில் ‘பெரிய கடற்காகம், முதல் குளிர்காலம்’ என்று எழுதினால் போதும்.

திரும்ப ஆலாக்கள். கொண்டை ஆலாக்களில் பெரியதும் சிறியதும் பெயரளவில் அளவால் பிரிந்தவை. ஆனால் களத்தில் உதவுவது அளவு இல்லை, அலகும் முதுகும். பெரிய கொண்டை ஆலாவின் அலகு எலுமிச்சை மஞ்சள், சற்றுப் பச்சை கலந்தது, நுனி லேசாகக் கீழே வளைந்து தொங்கும். சிறிய கொண்டை ஆலாவின் அலகு நேரானது, நல்ல ஆரஞ்சு. முதுகு பெரியதில் கருஞ்சாம்பல், சிறியதில் வெளிர்சாம்பல். இரண்டும் அருகருகே நின்றால் முதுகு வேறுபாடு அலகு வேறுபாட்டைவிடத் தெளிவாகத் தெரியும். இனப்பெருக்க ஆடையில் இன்னொன்று: சிறியதில் கறுப்புத் தொப்பி அலகைத் தொடும், பெரியதில் தொப்பிக்கும் அலகுக்கும் நடுவே எப்போதும் ஒரு வெள்ளைக் கீற்று இருக்கும். சிறிய கொண்டை ஆலாவின் இளம்பறவைக்கு அலகு மங்கிய மஞ்சளாகவே இருக்கலாம். அந்திவெயிலில் பெரியதின் அலகும் ஆரஞ்சாகத் தெரியும். நான் ஒரு மாலையில் நாற்பது சிறிய கொண்டை ஆலாக்கள் என்று எழுதிவைத்துவிட்டு, மறுநாள் காலை அதே திட்டில் மூன்றுதான் இருப்பதைப் பார்த்தேன். மீதி முப்பத்தேழும் பறந்து போய்விட்டன என்று ஒரு வாரம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் வேலை இல்லை என்பதற்குச் சீனக் கொண்டை ஆலாவே சாட்சி. அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்திருந்த பறவை. 2000இல் தைவான் நிர்வாகத்தில் இருக்கும் மாட்சு தீவுகளில், பெரிய கொண்டை ஆலாக்களின் கூட்டத்துக்கு நடுவே கூடு கட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு அதே பறவை போலத்தான். முதுகு மட்டும் வெளுப்பு, மஞ்சள் அலகின் நுனி மட்டும் கறுப்பு.

சாண்ட்விச் ஆலாவும் பருத்த அலகு ஆலாவும் கறுப்பு அலகுக் கூட்டம். சாண்ட்விச் ஆலாவின் அலகு நீண்டு மெலிந்தது. நுனியில் வெண்ணெயில் தோய்த்தது போல மஞ்சள், ஆனால் இளம்பறவையில் அந்த மஞ்சள் இருக்காது. குளிர்காலத்தில் நெற்றி வெளுத்தாலும் கண்ணிலிருந்து பிடரி வரை கறுப்பு ஒரு சால்வை போலச் சுற்றியிருக்கும், பிடரி இறகுகள் கலைந்து நிற்கும். உயரத்திலிருந்து கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும். பருத்த அலகு ஆலாவின் அலகு குட்டை, தடிமன், முழுக் கறுப்பு. கால் மற்ற ஆலாக்களைவிட நீளம். வால் பிளவு ஆழமில்லை. குளிரில் தலை கிட்டத்தட்ட முழு வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்புத் தீற்று. இது கடலைவிடச் சேற்றுத்திட்டையும் வயல்வெளியையும் விரும்பும். நண்டு, பூச்சி, பல்லி என்று பொறுக்கித் தின்னும், தண்ணீரில் பாய்வது அபூர்வம்.

காஸ்பியன் ஆலாவில் குழப்பம் வர வாய்ப்பே குறைவு. உலகின் மிகப் பெரிய ஆலா, கிட்டத்தட்ட பெரிய கடற்காகத்தின் உருவம். கேரட்டைச் செருகி வைத்த மாதிரி தடித்த சிவப்பு அலகு, நுனியில் கருமை. அடியிலிருந்து பார்த்தால் இறக்கை முனை கறுப்பாகத் தெரியும்.

சிற்றாலாவும் சாண்டர்ஸ் ஆலாவும்தான் உண்மையான தலைவலி. இனப்பெருக்க ஆடையில் பிரிக்கலாம். சிற்றாலாவின் வெள்ளை நெற்றி கண்ணுக்கு மேலே கூராகப் பின்னோக்கி நீளும், சாண்டர்ஸ் ஆலாவின் வெள்ளை கண்ணைத் தாண்டாமல் கட்டமாக வெட்டியது போல நிற்கும். காலும் உதவும்: சிற்றாலாவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சள், சாண்டர்ஸுக்கு மங்கல் பழுப்பு. சாண்டர்ஸின் வெளி முதன்மை இறகுகளில் கறுப்பு அதிகம், இடுப்பு (வாலுக்குச் சற்று மேலுள்ள பகுதி) சாம்பல். இவற்றில் குறைந்தது மூன்று அடையாளங்களாவது சேர்ந்து வந்தால் மட்டுமே நான் பெயர் எழுதுவேன். இனப்பெருக்கக் காலம் முடிந்து நெற்றி முழுக்க வெளுத்து அலகு கறுத்துவிட்டால் களத்தில் இவற்றைப் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அப்போது ‘சிற்றாலா அல்லது சாண்டர்ஸ்’ என்று எழுதுவதே சரியான விடை, அரைகுறை விடை அல்ல.

நன்னீரிலிருந்து கழிமுகத்துக்கு வரும் மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும் குளிர்காலத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வெண்சிறகுக்குக் காதுப்பக்கக் கறுப்பு கண்ணுக்குக் கீழே இறங்கி ஹெட்போன் மாட்டியது போலிருக்கும், இடுப்பு வெள்ளை. மீசைக்குக் கறுப்பு கண்ணிலிருந்து பிடரி நோக்கி ஓடும், இடுப்பு முதுகைப் போலவே சாம்பல். நெஞ்சின் ஓரத்தில் தோள் அருகே கருமைத் திட்டு ஒன்று இருந்தால் இரண்டுமில்லை, அது கருப்பு ஆலாவாக இருக்கலாம், இன்னும் கவனமாகப் பாருங்கள். கோடை ஆடையில் வெண்சிறகுக்கு உடம்பு கறுப்பு, இறக்கை வெளுப்பு, யாரும் தவறவிட முடியாது.

களத்தில் நிற்பது பற்றிச் சில வார்த்தை. வெயில் உங்கள் முதுகில் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா ஆலாவும் கருஞ்சாம்பல்தான். உச்சிவெயிலும் ஆகாது, ஈரமணலின் எதிரொளியில் அடிப்புறம் எல்லாம் வெள்ளையாகிவிடும். மெல்லிய மேகம் மூடிய காலைதான் சாம்பல் நிறங்களை ஒப்பிட ஏற்ற நேரம். காற்றடிக்கும்போது கூட்டம் முழுக்கக் காற்றை நோக்கியே உட்கார்ந்திருக்கும், நீங்கள் பக்கவாட்டில் போய் நின்றால் எல்லாவற்றின் முதுகும் ஒரே கோணத்தில் வரிசையாகக் கிடைக்கும். கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள். படம் எடுத்தால், உட்கார்ந்த நிலையில் பத்துப் படம் எடுப்பதைவிட இறக்கை முழுக்க விரிந்த ஒரு படம் மேல். முதன்மை இறகுகளை அதில் எண்ணலாம். ஆனால் கேமரா காட்டும் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள், பக்கத்தில் தெரிந்த பறவையின் முதுகு அந்தப் படத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். சாதாரண ஆலா ‘கீ...யார்ர்’ என்று இழுக்கும், சாண்ட்விச் ஆலா ‘கிர்ரிக்’ என்று கரகரக்கும், ரோஜா ஆலா ‘சூ-விக்’ என்று இரண்டசையில் வெட்டும். கையேட்டின் படங்களைவிட இவை சீக்கிரம் நினைவில் நிற்கும்.

இனி உங்கள் பறவை. கறுப்பு அலகு, கறுப்புக் கால், வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் தீற்று என்றால் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்: குளிர்காலப் பருத்த அலகு ஆலா, நுனி மஞ்சள் இல்லாத இளம் சாண்ட்விச் ஆலா, குளிர்கால மீசை ஆலா. பழுப்புத்தலைக் கடற்காகத்தைவிடச் சற்றுத்தான் சிறியது என்கிறீர்கள், எனவே மீசை ஆலா இல்லை, அது மிகச் சிறியது. சாண்ட்விச் என்றால் தலை அவ்வளவு வெள்ளையாக இருக்காது, பிடரியில் சால்வை இருந்திருக்கும். சேற்றுக்கு மேல் தாழப் பறந்து ஒருமுறைகூடப் பாயாதது மூன்றாவது தடயம். என் விடை பருத்த அலகு ஆலா. அலகின் தடிமனையும் வாலின் பிளவையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அலகு குட்டையாகத் தடித்தும் வால் லேசாக மட்டும் பிளந்தும் இருந்ததாக நினைவிருந்தால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நினைவில்லையென்றால் ஒரு கேள்விக்குறியோடு எழுதிவிட்டு, அதே நீர்மட்டம் இருக்கும் நேரத்தில் அந்தச் சேற்றுக்கே திரும்பப் போங்கள். பெரும்பாலும் அங்கேயே பறந்துகொண்டிருக்கும்.